பினாயில் தெளிச்ச வாசல்

மேல்கொட்டாய் கோவிந்தப்பனுக்கு ஊர்ல வெச்ச பேரு சுத்தக்காரரு. மரியாதையாத்தான் வெச்சாங்கன்னு அவரு நெனச்சுக்கிட்டு இருந்தாரு, நாமளும் அதைக் கெடுக்க வேணாம். மாட்டுக் கொட்டகையில சாணி விழுற சத்தம் கேட்டா, சோத்துல கை வெச்சவரு எழுந்து ஓடுவாரு. எவனாவது வெத்தலைச் சாறை அவரு வாசப்பக்கம் துப்பிட்டா, துப்புனவன் வீடு வரைக்கும் போய் சண்டை போட்டுட்டுத்தான் திரும்புவாரு. குருபரப்பள்ளி ரோட்டுலேர்ந்து மாந்தோப்புக்குள்ள புகுந்து வர்ற அந்த ஊர்ல இருக்கிறதே கொஞ்சம் வீடு. அதுல பாதிப் பேருக்கு அவரு திட்டு கேக்காம பொழுது விடிஞ்சதில்ல.

இது பிறவியில வந்த சுத்தம் இல்ல. ஏர் ஓட்டும்போது கால்ல கொழு குத்தி, முழங்கால் வரைக்கும் வீங்கி, கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரியில போய்ப் படுத்தாரே, அங்க ஒட்டிக்கிட்டது. காலை எடுக்கணும்னுகூட பேச்சு இருந்துச்சு. அவரு பொண்டாட்டி வெள்ளையம்மா அழுது அழுது கண்ணு ரெண்டும் கோவைப்பழமா செவந்து கட்டில் ஓரத்துலயே உக்காந்திருந்தா. தினமும் விடியக்காலையில ஆயா ஒருத்தி வாளித் தண்ணியில கறுப்பா எதையோ ஊத்துவா. ஊத்துன மாத்திரத்துல தண்ணி பாலா மாறிடும். அதால தரையைத் துடைச்சுட்டுப் போனா ஈயும் கிடையாது, சீழ் நாத்தமும் கிடையாது. கால் பொழைச்சுது. டாக்டர் போட்ட ஊசியாலதான்னு எல்லாரும் சொன்னாங்க. கோவிந்தப்பன் ஒத்துக்கல. "ஊசி கெடக்குதுய்யா, அந்த பினாயிலு இல்லேன்னா இன்னிக்கு நான் இல்ல"ன்னு அடிச்சுச் சொல்லிட்டாரு.

வீட்டுக்கு வந்த கையோட ஒரு டின் வாங்கிட்டாரு. அதுலேர்ந்து அந்த வீட்டுல அது இல்லாம ஒரு காரியம் இல்ல. சாக்கடைக்கு பினாயிலு. மாட்டுக் காயத்துல புழு வெச்சா பினாயிலு. வைக்கோல் போர் அடியில பாம்பு வந்துடும்னு ஒரு புட்டியில கார்பாலிக் ஆசிட்டு. அவரு குளிக்கிறதுக்குத் தனியா செவப்பு கார்பாலிக் சோப்பு. "பக்கத்துல படுத்திருக்கிறது புருஷனா, ஆஸ்பத்திரி வார்டான்னு தெரியலடி"ன்னு வெள்ளையம்மா கெணத்தடியில சொல்லிச் சிரிப்பா. ஊர் ஜனமும் மொதல்ல மூக்கைப் பொத்துச்சு, அப்புறம் பழகிப் போச்சு. கோவிந்தப்பன் வீட்டுப் பக்கம்னா அப்படித்தான் வாசம் வரும்னு விட்டுட்டாங்க. இந்தப் பழக்கம்தான் பின்னால வில்லங்கமா வந்து நின்னுச்சு.

அவருக்கு ஒரே பொண்ணு, ருக்மணி. அவளுக்கு மாப்பிள்ளை பாக்க ஆரம்பிச்சதும் வீட்டுல தினம் ஒரு கூத்து. ஊத்தங்கரையிலேர்ந்து ஒருத்தன் வந்தான், நல்ல நிலபுலம், பேச்சுவாக்குல நகத்தைக் கடிச்சான். போயிட்டு வாங்கன்னு அனுப்பிட்டாரு. சூளகிரியிலேர்ந்து இன்னொருத்தன் வந்தான், காபி குடிச்ச கையைத் திண்டுல துடைச்சான். அவனும் போனான். "நீங்க மாப்பிள்ளை பாக்குறீங்களா, சட்டி பானை வாங்குறீங்களா? தட்டித் தட்டிப் பாக்குறீங்களே"ன்னு வெள்ளையம்மா கத்துனா. ருக்மணிக்கு வயசு ஏறிக்கிட்டே போச்சு. அவளுக்கு அதுல வருத்தம் இருந்தாலும் அப்பன்கிட்ட காட்டிக்கல.

அப்புறம்தான் நாகரசம்பட்டியிலேர்ந்து சென்னகிருஷ்ணன் வந்தான். பெங்களூர்ல சுவிட்சு செய்யிற பேக்டரியில வேலை. அப்பன் இல்லாத பையன், அவன் பெரியப்பா ராமப்பன்தான் வளத்தவரு. ராமப்பன் நல்ல உயரம், பெரிய மீசை, குரல் மட்டும் மெதுவா வரும். ரெண்டு பேரும் வந்து பாயில உக்காந்தாங்க. கோவிந்தப்பன் மூக்கை ரெண்டு தரம் உறிஞ்சுனாரு. மொகம் மலர்ந்துடுச்சு.

"தம்பி, உங்க சட்டையில என்ன வாசம்?"

ராமப்பனுக்கு வெக்கமாப் போச்சு. "மன்னிச்சுக்கங்க. பேக்டரி வாசனைங்க அது. எத்தனை தரம் வெளுத்தாலும் போக மாட்டேங்குது."

"போக வேணாங்க, இருக்கட்டும்!"ன்னு கோவிந்தப்பன் மாப்பிள்ளை பக்கத்துல நகர்ந்து உக்காந்துட்டாரு.

சென்னகிருஷ்ணன் சிரிச்சுக்கிட்டே சொன்னான். "பீனால்னு ஒரு சரக்கு மாமா, ட்ரம்முல வரும். பினாயிலு, கார்பாலிக் சோப்பு எல்லாம் அதோட சொந்தக்காரங்கதான். அதோட வேற ஒரு மருந்தைச் சேத்துக் காய்ச்சி மாவாக்கி, அச்சுல போட்டு சூட்டோட அழுத்துவோம். கல்லு மாதிரி ஆயிடும். அப்புறம் உருக்குனாலும் உருகாது, கரண்டும் தாண்டாது. பேக்கலைட்டுன்னு பேரு. சுவிட்சு, பிளக்கு, ரேடியோப் பெட்டி எல்லாம் அதுலதான் வருது." சொல்லிக்கிட்டே ஜோப்புலேர்ந்து ஒரு கறுப்பு சுவிட்சை எடுத்து நீட்டுனான். வட்டமா, வழவழன்னு, மொகம் பாக்குற மாதிரி இருந்துச்சு.

"எங்க ஊருக்கு கரண்டே வரலியே தம்பி"ன்னாரு கோவிந்தப்பன்.

"அது வரும்போது வரட்டும் மாமா. சுவிட்சு ரெடியா இருக்கட்டும்."

கதவுக்குப் பின்னால ருக்மணி சிரிச்சது கூடத்துல எல்லாருக்கும் கேட்டுச்சு. அன்னிக்கு அந்த சுவிட்சு அவ கைக்குப் போனதுதான், அடுப்பு ஊதும்போதும் மாடு கறக்கப் போகும்போதும் மடியில இருந்துச்சு. நெனச்சப்பல்லாம் டொக், டொக்னு தட்டிப் பாத்துக்குவா.

ராமப்பன் மட்டும் காபியைக் கையில வெச்சுக்கிட்டு ஒண்ணு சொல்ல வந்தாரு. "எனக்கு இந்த வாசனை ஆகாதுங்க. எங்க ஊர்ல வாந்திபேதி வந்த வருஷம்..." அதுக்குள்ள கோவிந்தப்பன், "ஆமாமா, அதுக்கெல்லாம் கண்கண்ட மருந்து இதுதாங்க"ன்னுட்டு மாப்பிள்ளை பக்கம் திரும்பி, "ட்ரம்மு எவ்வளவு பெரிசு தம்பி?"ன்னு கேக்கப் போயிட்டாரு. அந்த ஒரு நிமிஷம் கோவிந்தப்பன் காது குடுத்திருந்தா நமக்குக் கதையே இல்ல.

கல்யாணம் வைகாசியில, பொண்ணு வீட்டுலயே. வைகாசின்னா அந்தப் பக்கம் மாம்பழக் காலம். தோப்பெல்லாம் பழம், தெருவெல்லாம் கொட்டையும் தோலும், அதுக்கு மேல ஈ. கண்ணு மூடித் திறக்குறதுக்குள்ள ஈ ஒரு போர்வையா வந்து படுக்கும். பந்தல் போட்ட அன்னிக்கு கோவிந்தப்பன் அதைப் பாத்துட்டு, நேரா கிருஷ்ணகிரிக்கு பஸ் ஏறி, மண்ணெண்ணெய் டின் அளவுக்கு ஒரு பினாயில் டின்னைத் தோள்ல வெச்சுக்கிட்டு இறங்குனாரு.

"கல்யாண வீட்டுலயா?"ன்னு வெள்ளையம்மா நெஞ்சுல கை வெச்சா. "சாம்பிராணி போடுங்க, சந்தனம் தெளிங்க. இதை யாராவது தெளிப்பாங்களா?"

"உனக்கென்னடி தெரியும்? மாப்பிள்ளை தினம் மோந்து பாக்குற வாசம். ஊருக்குள்ள கால் வெச்சதும் சொந்த எடத்துக்கு வந்த மாதிரி இருக்கும். இதைவிட மரியாதை வேற என்ன இருக்கு?"

வெள்ளையம்மா தலையில அடிச்சுக்கிட்டு உள்ள போயிட்டா.

பக்கத்து வீட்டு திம்மப்பன் ஒத்தாசைக்கு வந்தாரு. அவங்க வீட்டுல தெலுங்கு பேசுவாங்க, ஆச்சரியம் வந்தா அவருக்கு அதுதான் வாயில வரும். வாளியில கறுப்பு விழுந்து வெள்ளையா விரிஞ்சதைப் பாத்து, "இதேமன்னா!"ன்னு வாயைப் பொளந்துட்டு நின்னாரு. முகூர்த்தத்தன்னிக்கு விடிஞ்சதும் ரெண்டு பேரும் சேந்து வீடு, பந்தல், கொட்டகை, தெரு, தெருவைத் தாண்டி ஊர் எல்லையில இருக்கிற முனியப்பன் கல்லு வரைக்கும் சாணித் தண்ணிக்குப் பதிலா பினாயில் தண்ணி தெளிச்சாங்க. அதுவும் போதாதுன்னு, வழி அழகா இருக்கட்டும்னு ரெண்டு ஓரமும் சுண்ணாம்புப் பொடியைக் கோடாத் தூவுனாங்க. ஒரு ஈ இல்ல. கோவிந்தப்பன் இடுப்புல கை வெச்சு நின்னு பாத்தாரு. பெருமை தாங்கல அவருக்கு.

அந்தப் பக்கத்து வழக்கம் ஒண்ணு இருக்கு. மாப்பிள்ளை வீட்டார் வண்டி ஊர் எல்லையில நிக்கணும். பொண்ணு வீட்டுக்காரங்க மேளத்தோட எதிர போய், ஆரத்தி எடுத்து, குடிக்க மோர் குடுத்து, வாங்கன்னு கூப்பிட்டாத்தான் மாப்பிள்ளை கால் எல்லைக்குள்ள படணும். கூப்பிடாம நுழைஞ்சா அது மாப்பிள்ளைக்கு மானக்கேடு. அதனால கோவிந்தப்பன் புது வேட்டி கட்டி, வெள்ளையம்மா ஆரத்தித் தட்டோட, திம்மப்பன் மோர்க்குடத்தோட எல்லைக்குப் போனாங்க. பத்து மணிக்கு முன்னால தாலி ஏறணும். பொழுது தாராளமா இருந்துச்சு.

குருபரப்பள்ளியில பஸ்ஸை விட்டு இறங்குனவங்களை ஏத்திக்கிட்டு மாட்டு வண்டிங்க வரிசையா வந்துச்சு. மொத வண்டியில ராமப்பன், மீசையை முறுக்கி விட்டுக்கிட்டு. அடுத்த வண்டியில மாலையோட மாப்பிள்ளை. காத்து இந்தப் பக்கத்துலேர்ந்து அந்தப் பக்கமா அடிச்சுது. முனியப்பன் கல்லுக்குக் கொஞ்சம் முன்னாலயே மாடுங்க மூக்கைச் சுளிச்சு நின்னுடுச்சு. வண்டிக்காரன் அதட்டுனான், நகரல.

ராமப்பன் மூக்கைத் தூக்குனாரு. அப்புறம் வழியோட ரெண்டு ஓரத்தையும் பாத்தாரு, வெள்ளை வெளேர்னு பொடிக் கோடு. அவரு மொகத்துல ரத்தமே இல்ல.

"வண்டியைத் திருப்புங்கடா!"

மேளக்காரன் கையில குச்சி அப்படியே நின்னுடுச்சு. கோவிந்தப்பன் ஒண்ணும் புரியாம, கையெடுத்துக் கும்பிட்டுக்கிட்டு முன்னால ஓடுனாரு. "வாங்க சம்மந்தி, வாங்க, என்ன..."

"அங்கியே நில்லு! கிட்ட வராதே!" மெதுவா பேசுற மனுஷன் போட்ட சத்தத்துல தோப்புக் காக்கா எல்லாம் பறந்துச்சு. "எத்தனை வீட்டுல?"

"என்ன எத்தனை வீடு?"

"எத்தனை வீட்டுல தெளிச்சிருக்கு?"

கோவிந்தப்பனுக்கு அப்பத்தான் மூச்சு வந்துச்சு. ஓ, வாசத்தைத்தான் கேக்குறாரா! நெஞ்சை நிமிர்த்திட்டாரு. "ஒரு வீடு விடலீங்க! ஊர் பூரா நானே நின்னு தெளிச்சேன்!"

"ஊர் பூராவா!"ன்னு வண்டியில இருந்த பொம்பளைங்க ஓன்னு கத்துனாங்க. "ஐயோ, வாந்திபேதி ஊர் பூரா பரவிடுச்சாம்!" ஒருத்தி முந்தானையால புள்ளை மூக்கைப் பொத்துனா. ஒரு கெழவர் கடைசி வண்டியிலேர்ந்து குதிச்சு, வண்டிக்கு முன்னாலயே வந்த வழியைப் பாத்து நடக்க ஆரம்பிச்சுட்டாரு.

கோவிந்தப்பன் வெள்ளைக் கோட்டைத் திரும்பிப் பாத்தாரு. அவருக்கு ஆஸ்பத்திரி வாசம் பொழைச்ச வாசம். மத்தவங்களுக்கு அப்படியா? எந்த ஊர்ல வாந்திபேதி வந்தாலும் சுகாதாரத்துறை ஆளுங்க வந்து பினாயில் அடிச்சு, ஓரமெல்லாம் வெள்ளைப் பொடி தூவிட்டுப் போவாங்க. அந்த ரெண்டையும் சேத்துப் பாத்தா அந்த ஊருக்குள்ள கால் வெக்கக்கூடாதுன்னு பச்சைப் புள்ளைக்குக்கூடத் தெரியும். அவரு தன் கையாலயே பொண்ணு கல்யாணத்துக்கு அந்தக் கோலத்தைப் போட்டு வெச்சிருக்காரு. மாப்பிள்ளை வண்டி எல்லையிலேர்ந்து திரும்பிப் போன பொண்ணை அப்புறம் எவன் கட்டுவான்? ஏற்கெனவே எத்தனையோ பேரைத் தட்டி விட்டாச்சு.

"இல்லீங்க! ஒருத்தருக்கும் ஒண்ணும் இல்லீங்க! அழகுக்குத் தெளிச்சதுங்க!"

"பினாயிலை எவன்யா அழகுக்குத் தெளிப்பான்?"ன்னாரு ராமப்பன்.

"மோரு குடுங்க, மொதல்ல மோரு குடுங்க"ன்னு வெள்ளையம்மா பதற, திம்மப்பன் குடத்தைத் தூக்கிக்கிட்டு முன்னால போனாரு. குடத்துல வெள்ளையா தளும்புது. மொத வண்டிக்காரன் சாட்டையை ஓங்குனான். "பினாயில் கரைச்சதை எங்க வாயில ஊத்தப் பாக்குறியா?"

"மோருய்யா அது, மோரு! இப்பப் பாருங்க!"ன்னு கோவிந்தப்பன் குடத்தைப் பிடுங்கி, அண்ணாந்து, மடமடன்னு ஊத்திக்கிட்டாரு. பதட்டத்துல பாதி மூக்குல ஏறிடுச்சு. பொறை ஏறி, இருமி, குடிச்சது அத்தனையும் வாய் வழியாவும் மூக்கு வழியாவும் வெளிய வந்துடுச்சு. வயித்தைப் பிடிச்சுக்கிட்டு முனியப்பன் கல்லு பக்கத்துல குனிஞ்சுட்டாரு.

"பாத்தியா, பாத்தியா! ஆரம்பிச்சுடுச்சு!"

அதுக்கு மேல யாரு நிப்பா? வண்டி எல்லாம் முட்டி மோதித் திரும்புது. மாடு ஒரு பக்கம் இழுக்குது, வண்டிக்காரன் ஒரு பக்கம் இழுக்கிறான். அந்தக் களேபரத்துல ரெண்டாவது வண்டியிலேர்ந்து சென்னகிருஷ்ணன் குதிச்சான். கழுத்துல மாலை அப்படியே இருக்கு.

"மாமா, ருக்மணி எங்க?"

கோவிந்தப்பன் பதில் சொல்லப் பாத்தாரு. இருமல் விட்டாத்தானே? கண்ணுல தண்ணியா கொட்டுது, தொண்டையில ஒரு சத்தம் வரல. கையை மட்டும் தூக்கி வீட்டுப் பக்கமா காட்டி, முடியலன்னு தலையை ஆட்டுனாரு. தலையை ஆட்டியிருக்கக் கூடாது. அவன் மொகம் போன போக்கைப் பாத்ததும்தான் அவருக்கே தான் செஞ்சது உறைச்சுது. ஐயையோ, இவன் என்னமோ நெனச்சுட்டானேன்னு மனசு கிடந்து அடிச்சுக்குது, வாயில வார்த்தை வரல.

சென்னகிருஷ்ணன் வேட்டியை மடிச்சுக் கட்டுனான். கல்லைத் தாண்டி உள்ள கால் வெச்சான். ஆரத்தி இல்ல, மேளம் இல்ல, வான்னு ஒருத்தர் கூப்பிடல.

"டேய் கிருஷ்ணா!" ராமப்பன் குரல் உடைஞ்சு போச்சு. "நில்லுடா! உங்கப்பனை நான் இந்த வாசத்துலதாண்டா தூக்கிக் குடுத்தேன்!"

அவன் ஒரே ஒரு தரம் திரும்பிப் பாத்தான். "தெரியும் பெரியப்பா. நீங்க அங்கியே இருங்க"ன்னான். அப்புறம் வெள்ளைக் கோட்டுக்கு நடுவுல விறுவிறுன்னு நடந்து போயிட்டான்.

கோவிந்தப்பனுக்குத் தொண்டை திறக்குறதுக்குள்ள அவன் தெருமுனையைத் திரும்பிட்டான். அவரு பின்னாலயே ஓடுனாரு. பழைய கொழு குத்துன கால் ஒத்துழைக்கல, நொண்டிக்கிட்டே ஓடுனாரு. 'உங்கப்பனை இந்த வாசத்துலதான்'னு ராமப்பன் சொன்னது காதுலயே நிக்குது. அன்னிக்கு காபியைக் கையில வெச்சுக்கிட்டு அந்த மனுஷன் சொல்ல வந்தது இதுதானா? ட்ரம்மு எவ்வளவு பெரிசுன்னு கேட்டியேடா பாவின்னு தன்னைத் தானே திட்டிக்கிட்டாரு. ஊரையெல்லாம் திட்டுன வாய்க்கு அன்னிக்குத்தான் சரியான ஆள் கெடைச்சுது.

மூச்சிரைக்க வாசலுக்கு வந்து பாத்தா, மாப்பிள்ளை நெலையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறான். உள்ள கூடத்துல ருக்மணி பட்டுப்பொடவையில, மொகமெல்லாம் மஞ்சளா, ரெண்டு பேரு தலையில பூ வெக்க, நல்லா சௌக்கியமா உக்காந்திருக்கா. கையில சுவிட்சு. டொக், டொக்.

நிமிர்ந்து பாத்தவ சுவிட்சை மடியில மறைச்சுக்கிட்டா. "அதுக்குள்ள வந்துட்டீங்க? மேளச் சத்தமே கேக்கலியே?"

அவன் அப்படியே படியில உக்காந்துட்டான். மாலைப் பூவெல்லாம் உதிர்ந்து தரையில கெடந்துச்சு. "உனக்கு ஒண்ணும் இல்லியே?"ன்னான். "எனக்கென்ன?"ன்னா அவ. பின்னால மோர் வழிஞ்ச புது வேட்டியோட நிக்கிற அப்பனைப் பாத்தா, அப்புறம் மாப்பிள்ளையைப் பாத்தா. விஷயம் புரிஞ்சுடுச்சு. "அப்பா பண்ணுன வேலையா?"ன்னு கேட்டவளுக்கு சிரிப்பும் வந்துச்சு, கண்ணும் கலங்கிடுச்சு.

எல்லையில வெள்ளையம்மா சும்மா இருக்கல. ஆரத்தித் தட்டைத் திம்மப்பன் கையில குடுத்துட்டு, வண்டிக்காரன் சாட்டையைத் தள்ளி விட்டுட்டு, ராமப்பன் கண்ணெதிர போய் நின்னுட்டா. "அண்ணா, சத்தியமா எங்க ஊர்ல யாருக்கும் ஒரு தும்மல்கூட இல்ல. சீக்கு ஒருத்தருக்குத்தான், எங்க வீட்டுக்காரருக்கு. அதுவும் வாந்திபேதி இல்ல, பினாயில் பைத்தியம். மூணு வருஷமா இந்தப் பைத்தியத்தோட நான் குடித்தனம் பண்ணலியா? எனக்கு ஒட்டலியே!"

ராமப்பன் அவளையே பாத்தாரு. மீசை துடிச்சுது. அழப்போறாரா, அடிக்கப்போறாரான்னு திம்மப்பன் ஒதுங்கி நின்னாரு. திடீர்னு அந்த மனுஷன் கெக்கெக்கேன்னு சிரிச்சாரு பாருங்க, வண்டியெல்லாம் குலுங்கிடுச்சு. பொம்பளைங்களும் ஒவ்வொருத்தியா மூக்குலேர்ந்து முந்தானையை எடுத்தாங்க. முன்னால நடந்து போயிட்ட கெழவரைக் கூட்டி வரத்தான் ஆள் ஓட வேண்டியதாப் போச்சு.

மாப்பிள்ளையை மறுபடி எல்லைக்குக் கூட்டிக்கிட்டு வந்து, மொறையா ஆரத்தி எடுத்து, மேளத்தோட கூப்பிட்டாங்க. மோரு மட்டும் யாரும் குடிக்கல. பந்தல்ல ராமப்பன் வந்து நின்னதும் கோவிந்தப்பன் அவரு ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டாரு.

"அன்னிக்கே சொல்ல வந்தீங்க. என் காதுல ஏறல. புத்தி கெட்டுப் போய் உங்க வயித்தெரிச்சலைக் கொட்டிக்கிட்டேன்."

"விடுங்க சம்மந்தி. என் தம்பி போன வாசம் உங்களுக்குப் பொழைச்ச வாசமா இருந்திருக்கு. யாருக்குத் தெரியும்?" ராமப்பன் மூக்கைத் துண்டால பொத்திக்கிட்டேதான் சொன்னாரு. "ஆனா ஒண்ணு, சீமந்தத்துக்கு சாம்பிராணி போடுங்க."

பத்து மணிக்கு முன்னால தாலி ஏறிடுச்சு. பந்தியில பாயசம் வெச்சப்ப, கலர் வெள்ளையா இருக்குன்னு நாலஞ்சு பேரு பக்கத்து இலைக்காரன் குடிச்சு, அவன் நல்லா இருக்கானான்னு பாத்துட்டுத்தான் வாயில வெச்சாங்க. வெச்சவங்க ரெண்டாம் தரமும் கேட்டாங்க, அது வேற விஷயம். ஈ ஒண்ணுகூட இல்லாத பந்தியை வைகாசி மாசத்துல அன்னிக்குத்தான் பாத்தோம்னு மாப்பிள்ளை வீட்டார் சொன்னதையும் சொல்லிடணும், இல்லேன்னா கோவிந்தப்பன் நம்மளை விட மாட்டாரு.

சாப்பாடு முடிஞ்சு எல்லாரும் அங்கங்க சாஞ்சிருந்தாங்க. சென்னகிருஷ்ணன் கொல்லையில மாமரத்தடியில கை கழுவிக்கிட்டு இருந்தான். கோவிந்தப்பன் செம்புல தண்ணி மோந்து அவன் கையில ஊத்துனாரு. காலையிலேர்ந்து நெஞ்சுல கெடந்ததைக் கேட்டுட்டாரு.

"ஏன் மாப்பிள்ளை, தினம் அந்த வாசத்துலயே நின்னு வேலை செய்யிறீங்க. ஒருவேளை இங்க அடிச்சது சும்மா வாசம்தான், ஒண்ணும் இருக்காதுன்னு தெரிஞ்சுதான் உள்ள வந்தீங்களா?"

"இல்ல மாமா. உள்ள வாந்திபேதி இருக்குதுன்னுதான் நெனச்சேன். நீங்க தலையை ஆட்டுனதும், அவளுக்குத்தான்னே நெனச்சுட்டேன்."

"பயமா இல்லியா?"

அவன் துண்டுல கையைத் துடைச்சான். அப்பன் செத்தப்ப அஞ்சாறு வயசு இருந்திருக்கும் அவனுக்கு.

"ரொம்ப பயந்தேன் மாமா. அதான் வேகமா நடந்தேன்."

கோவிந்தப்பன் செம்பைக் கீழ வெச்சுட்டு மரத்துப் பக்கம் திரும்பிக்கிட்டாரு. எச்சில் இலை எடுக்க வந்த வெள்ளையம்மா அவரு தோள் குலுங்குறதைப் பாத்துட்டு நின்னா. "என்னங்க, பினாயிலு கண்ணுல பட்டுடுச்சா?"

"ஆமாண்டி"ன்னாரு. டின்னு காலையிலயே காலி.